கதவைத் திறக்காதவளின் கதை

எழுபதுகளின் நடுவில் அப்பா மாமல்லபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். எனக்குப் பதினாறு வயது. செங்கல்பட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் ஒரு பேய்த் தொடர்கதை வந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா குப்பத்தைச் சேர்ந்தவள். புதிதாகக் கல்யாணமானவள். படிக்கத் தெரியாது. கூடை காலியானதும் எங்கள் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"எங்க வுட்ட பாப்பா? அந்தப் பொம்பள இன்னா ஆனா?"

நான் படிப்பேன். கடலில் மூழ்கிப்போன கணவன் மழை பெய்யும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவான். வாசலில் ஈரக் கால்தடங்கள் இருக்கும். மனைவி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடுங்குவாள். அந்த இடம் வந்தால் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

"போதும், வூட்டுக்குத் தனியா போவணும்" என்பாள். எழுந்திருக்க மாட்டாள். "சரி, இன்னும் கொஞ்சம் படி."

பட்டப்பகலில் இருவரும் பயந்து நடுங்குவோம். பிறகு சிரிப்போம்.

அந்த ஐப்பசியில் கட்டுமரத்தில் போன அவள் கணவன் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கியது. உடல் கிடைக்கவேயில்லை.

வெகுநாள் கழித்துக் கூடையில்லாமல் வந்தாள். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"அந்தக் கதைய படி பாப்பா."

"வேணாங்க்கா."

"படின்றேன்ல. அவன் வந்து தட்டுவானே, அத்த படி."

படித்தேன். என் குரல்தான் நடுங்கியது. அவள் அசையாமல் கேட்டாள்.

"ஈரமா வந்தான்னு போட்டுகீதா?"

"ஆமாக்கா."

"அவ தொறக்கலியா?"

"இல்லக்கா. பயம்."

"இன்னா பொம்பள அவ? அவ்ளோ தூரம் வந்துகீறான். தொறந்தா இன்னா?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவன் போனதிலிருந்து அவள் அழவே இல்லை என்று மாமியார்க்காரி பிறகு சொன்னாள்.

அடுத்த வருடம் அவள் அண்ணன் வந்து கோவளத்துக்கு அழைத்துப் போனான். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போன காலத்தில், தோழிகள் பேய்க்கதை சொல்லி அலறிச் சிரிப்பார்கள். நான் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுவேன்.