நீலம் கலந்த சுண்ணாம்பு

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் புறப்படும் பெங்களூர் ரயிலில், மகளிர் பெட்டியின் முதல் ஜன்னலோர இருக்கை ஜோசபின் அக்காவுடையது. ரயில்வேயில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினேழு வருடமாக அதிலேயே உட்கார்ந்து வருகிறார், அவ்வளவுதான். வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் பெட்டி காலியாக இருக்கும். பின்னால் ஏறுகிறவர்களுக்கு அக்காதான் இடம் பிடித்து வைப்பார். அடுத்த ஸ்டேஷன் சாம்பியனில் ஏறும் எனக்கு அவருடைய துப்பட்டா. கோரமண்டலில் ஏறும் வள்ளியம்மாவுக்கு அவருடைய சாப்பாட்டுப் பை. பை இருக்கும் இடத்தில் தெரியாமல் யாராவது உட்கார்ந்துவிட்டால், மாலூர் வரை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அக்காவும் வள்ளியம்மாவும் ஒரே செடி நர்சரியில் வேலை பார்த்தார்கள். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், எப்படியோ இன்னும் விற்கப்படாமல் இருக்கும் அரை ஏக்கர் அது. சொந்தக்காரர் அனந்தலக்ஷ்மி மேடம், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் தங்கவயலில் சுரங்கம் மூடி கணவருக்கு வேலை போனபின், அக்கா சில வருடம் தையல் கம்பெனியில் இருந்தார். அங்கே சூப்பர்வைசரோடு சண்டை. செடிகள் எதிர்த்துப் பேசாது என்று இங்கே வந்தார். யாரும் எதிர்த்துப் பேசாத இடத்தில் அவர் நன்றாகவே வேலை செய்வார்.

அந்த நர்சரியில் நிறைய விற்பது அசேலியா. பூத்த தொட்டியாக வாங்கிப்போய் அபார்ட்மெண்ட் பால்கனியில் வைத்துக் கொன்றுவிட்டு, அடுத்த வருடம் மறுபடி வருகிறவர்களால்தான் வியாபாரம் ஓடுகிறது. நானும் இரண்டு கொன்றிருக்கிறேன். இரண்டாவது செத்தபோது அக்கா என்னை விசாரித்தார்.

"முட்டை ஓடு போட்டியா?"

"போட்டேன்க்கா. சத்துன்னாங்களே."

"ரோஜாவுக்குச் சத்து. இதுக்கு வெசம். சுண்ணாம்பு பட்டா இது பொழைக்காது. புளிப்பு மண்ணு வேணும், மழைத்தண்ணி வேணும். போர்வெல் தண்ணி ஊத்தினாகூட எல மஞ்சளாப் பூடும், அதுலயும் சுண்ணாம்புதான். படிச்ச பொண்ணு, கேட்டுட்டு செய்யமாட்டே?"

அசேலியாவுக்குப் பெரிய சொந்தம் ரோடோடென்ட்ரான். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்கள். அங்கே மரமாக நின்று சிவப்பாகப் பூக்கும், பெங்களூரில் வராது என்று எல்லோருக்கும் தெரியும். மேடத்துக்கும் தெரியும். ஆனாலும் பதினோரு வருடத்துக்கு முன் கோத்தகிரியிலிருந்து ஒரு விதைக்காய் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். தூசி போன்ற விதை. பாசியின் மேல் தூவி, கண்ணாடி மூடி வைத்ததில் முப்பது முளைத்தன. ஒன்று மிஞ்சியது. அதைப் பச்சை வலைக்கடியில் பெரிய மண்தொட்டியில் வைத்து, மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி, அதற்கு மட்டும் என்று அக்கா வளர்த்தார். அது நெஞ்சு உயரம் வந்தது. பூக்கவில்லை. அக்கா தன் இரண்டு மகன்களைப் பற்றி ரயிலில் பேசி நான் கேட்டதில்லை. மரத்தைப் பற்றி தினமும் கேட்டேன்.

போன நவம்பரில் மொட்டு வந்தது. எட்டு மொட்டு. மேடம் ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்றார். அக்கா பெட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். டிக்கெட் பரிசோதகருக்குக்கூடத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு அக்கா பத்து நாள் லீவு எடுத்தார். மரத்தை வள்ளியம்மாவின் பொறுப்பில் விட்டார். டிரம் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், போர் தண்ணீர் வரும் பைப்பைத் தொடக்கூடாது என்று நூறு தடவை சொன்னார். திரும்பி வந்தபோது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக இருந்தன. எட்டு மொட்டும் கறுத்து, தொட்டால் உதிர்ந்தன. மண்ணின் மேல் வெள்ளை படிந்திருந்தது.

போர் தண்ணீர்தான் அப்படிப் படியும். அக்காவுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. வள்ளியம்மா பைப்பைத் தொடவே இல்லை என்று அழுதாள். அன்று சாயங்காலமே மேடம் அவளை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பும் வண்டியில், பெட்டி நிறைய ஆட்கள் இருக்க, அக்கா கத்தினார்.

"பதினோரு வருசம்டி! டிரம்முலேந்து நாலு சொம்பு மொண்டு ஊத்த ஒடம்பு வணங்கல. பைப்பைப் புடிச்சிட்டு இப்ப பொய்யி வேற. உன்ன நம்பி உட்டேன் பாரு!"

"சத்தியமா இல்லக்கா."

"அக்கான்னு கூப்புடாத."

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் துப்பட்டா வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து வள்ளியம்மா வேறு பெட்டியில் ஏறினாள். ஒரு அபார்ட்மெண்டில் படிக்கட்டு துடைக்கும் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு மண்ணில் கை வைத்தால்தான் பிடிக்கும். ஆனால் அதையெல்லாம் யார் கேட்டார்கள்? அக்கா அந்த இருக்கையில் பை வைப்பதை நிறுத்தினார். யார் யாரோ உட்கார்ந்து வந்தார்கள்.

மார்ச் முதல் வாரத்தில், சாகக் கிடக்கும் மரத்துக்குக் கடைசி முயற்சியாக மண் மாற்றலாம் என்று அக்கா மேல்மண்ணைச் சுரண்டினார். வெள்ளைப் படிவுக்குள் நீலமாகச் சில கட்டிகள் இருந்தன. கையில் எடுத்து நசுக்கினார். துணிக்குப் போடும் நீலம்.

போர் தண்ணீரில் நீலம் வராது.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து வீட்டுக்கு அடிப்போம், பளிச்சென்று இருக்கும். அந்தப் பழக்கத்தில் அக்கா வருடாவருடம் நர்சரியின் சுற்றுச்சுவருக்கும் அடிப்பார். லீவுக்கு முதல் நாள் அடித்து முடித்து வாளியைக் கழுவினார். தங்கவயலில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது. அரிசி களைந்தது, கை கழுவியது, எதையும் தரையில் கொட்டமாட்டோம், பக்கத்தில் எந்தச் செடி இருக்கிறதோ அதற்குப் போகும். அன்று பக்கத்தில் இருந்தது அந்த மரத்தின் தொட்டி. ஐம்பது வருடப் பழக்கம் கைக்கு. மனதில் பண்டிகை வேலைகளின் அவசரம். ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அக்கா நேராகப் போய் மேடத்திடம் சொன்னார்.

"சும்னே இரு ஜோசபின். ஆனது ஆயிடுத்து. இத யாரும் கேக்கப்போறதில்லே."

"நான்தான் மேடம் பெட்டியில எல்லார் முன்னாடியும் கேட்டேன்."

"வேணும்னா அவள வரச் சொல்லு. காரணம் எதுவும் சொல்லிண்டிருக்க வேண்டாம்."

மறுநாள் நான் ஏறியபோது என் இடத்தில் துப்பட்டா இருந்தது. எதிர் இருக்கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கோரமண்டல் வந்ததும் அக்கா என்னிடம் "பைய பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இத்தனை வருடத்தில் ஜன்னலோரத்தை விட்டு அவர் நடுவில் எழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு பெண் பை இருந்த இடத்தில் உட்காரப் போனாள். "ஆள் வர்றாங்க" என்றேன். வண்டி ஊதிவிட்டது. அக்கா வள்ளியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

வள்ளியம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றாள். அக்காவும் நின்றுகொண்டே, அன்று கத்திய அதே குரலில், மூச்சு வாங்கச் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த மரத்த இவ கெடுக்கல. நான்தான். சுண்ணாம்பு வாளி கழுவின தண்ணிய நானே ஊத்திட்டு, பழிய இவ மேல போட்டேன். இவ பொய் சொல்லல." பிறகு குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சிடு வள்ளி. மேடம் உன்ன வரச் சொன்னாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தியது அக்கா என்றாலும், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாங்கள்.

வள்ளியம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"நீ அவ்ளோ உறுதியா சொன்னியேக்கா," என்றாள். "ரெண்டு மாசமா படிக்கட்டு தொடச்சிக்கினே யோசிக்கிறேன். எந்த நாளு பைப்பைப் புடிச்சேன்னு. ஞாபகமே வரல. ஆனா புடிச்சிருப்பேன்னுதான் நானும் நம்பிட்டேன்."

அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் காலியாக இருந்தது. பங்காருபேட்டை தாண்டியபிறகு வள்ளியம்மா அதில் உட்கார்ந்தாள்.