பொம்மைக்கொரு பால் பெட்டி

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில், சாமான் வாங்குகிறவர்களுக்கு விரல்நுனி அளவில் பிளாஸ்டிக் பால் பெட்டி, பாண், பட்டர் எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். பொம்மைகளுக்கான விளையாட்டுச் சாமான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அவற்றுக்காகவே தேவையில்லாததை எல்லாம் வாங்குகிறேன். வீட்டில் அவற்றைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, எறியவும் ஏலாது.

நேற்று காசு கட்டும்போது பால் பெட்டி கிடைத்தது. அதைக் கையில் எடுத்ததும், ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறை நினைவில் வந்தது. ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். தங்கச்சி வதனி காய்ச்சலோடு படுத்திருந்தாள். பால்மா எங்கும் இல்லை. அம்மா ஆரிடமோ கெஞ்சி வாங்கி வந்த கஞ்சியை, அவள் தன் துணிப் பொம்மையின் வாயில் வைத்தாள்.

“பொம்மைக்குப் பசிக்காது. நீ குடியம்மா.”

“அவளும் நேற்றிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை அம்மா.”

அம்மா கரண்டியைப் பிடுங்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் விடிய வதனி எழும்பவில்லை. பொம்மையையும் அவளோடு வைத்தே புதைத்தோம்.

“இன்னும் வேணுமா? மகளுக்கா?” காசாளர் பெண் ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

“தங்கச்சிக்கு.”

“என்ன வயசு?”

“ஐந்து,” என்றேன். அவள் சிரித்தபடி கை நிறைய அள்ளித் தந்தாள்.