புளியங்கொட்டை அளவுக் கட்டி

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது என் பிடரியில் ஒரு கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும், வலி கிடையாது. விரலால் அழுத்தினால் நழுவிப் போய், விட்டதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இப்படி ஒன்று குடிவந்திருப்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லி, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

ராஜபாளையத்தில் எங்கள் அடுத்த தெருவிலேயே ஒரு டாக்டர் இருந்தார். இரண்டு விரலால் கட்டியை அசைத்துப் பார்த்தார். அது என்ன சாப்பிடும் என்று கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடாது. அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். வெறும் கொழுப்புக் கட்டி, பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கொழுப்புக் கூடிப்போனதை டாக்டரே சொல்லிவிட்டதாக அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அம்மா முடிய விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார், அவரிடமும் காட்டிவிடலாம் என்றாள்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கு இன்னொரு டாக்டரா?" என்றார் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா.

"பொம்பளப் பிள்ள. பொறவு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது? நீங்க வேலைக்குப் போங்க, நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்."

பிள்ளைக்கு என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்துக்கடை மாத்திரையோடு சரி.

முதலில் ஒரு டாக்டரைப் பார்த்ததை மூச்சுவிடக் கூடாது என்று பஸ்ஸில் சொல்லிவைத்தாள். சொன்னால் இவரும் அதையே சொல்லி அனுப்பிவிடுவாராம். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு டாக்டர்களில் யாருக்கு விஷயம் தெரிகிறது என்று பார்த்துவிடலாம்.

லேடி டாக்டரும் அதே மாதிரி இரண்டு விரலால் அசைத்தார். அதே கொழுப்புக் கட்டி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் எழுந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. "செத்த நேரம் வெளிய இரு" என்றாள். நர்சு கதவைச் சாத்தினார். என் கட்டியைப் பற்றி எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு என்று கதவில் காதை வைத்தேன். திரைச்சீலையை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்த அம்மா நேராக மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். எங்கள் பக்கம் உடம்பில் கட்டியோ மருவோ வந்தால் உப்பும் மிளகும் வாங்கிக் கொடிமரத்தடியில் கொட்டுவார்கள். உப்பைப் போல அதுவும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. அம்மா இரண்டு பொட்டலம் வாங்கினாள்.

"எனக்கு ஒண்ணுதானம்மா இருக்கு?"

"ஒண்ணுக்குக் கேக்கலன்னா?" என்றாள்.

ஒன்றை நான் கொட்டினேன். மற்றதைத் தானே கொட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ரெண்டு டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன அழுகை என்று அதட்டினேன். உப்புக் கை கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

அம்மாவுக்கும் ஒரு கட்டி இருந்திருக்கிறது, மார்பில். ஆம்பளை டாக்டரிடம் காட்டக் கூசி, அப்பாவிடமும் சொல்லாமல், மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தாள். லேடி டாக்டர் எழுதிக்கொடுத்து, பிறகு மதுரையில் சோதித்துப் பார்த்து அதுவும் கெட்டதில்லை என்று தெரிந்தபோதும் வாய் திறக்கவில்லை. மதுரைக்கும் என் கட்டியைச் சொல்லித்தான் போனோம். எனக்கு மகள் பிறந்த பிறகுதான் இதையெல்லாம் சொன்னாள். அந்தக் கதவுக்கு உள்ளே அவள் தனியாகப் படுத்திருந்திருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. அப்பா மில்லிலிருந்து வந்ததும் ஓடிப்போய், "எனக்காக அம்மா கோயில்ல அழுதாங்கப்பா" என்று சொன்னேன். அப்பா சிரித்தார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.