தராசு அறையில் ஒரு கோலம்

சிப்பியைப் பொடித்து, ஒரு கடுகை இருபதாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் நிறுத்து, குப்பியில் ஆசிட் விட்டு, கிளம்பும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் தீனி போடுவது எங்கள் தொழில். அதில் கனமான கார்பனும் ஆக்ஸிஜனும் எவ்வளவு, லேசானவை எவ்வளவு என்று மிஷின் பிரித்துச் சொல்லும். இருபது வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, ஆறு மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவள் நான். "உனக்கென்ன தெரியும்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களே, உங்களுக்குத்தான் இது.

மூட்டை

காசிம் பாய் சிப்பியில் அலங்காரச் சாமான் செய்கிறவர். கடல் சிப்பி என்று அவர் விற்றதை வாங்கியவர், இது ஆற்றுச் சிப்பி என்று திருப்பி அனுப்பிவிட்டார். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது ஓட்டிலுள்ள ஆக்ஸிஜனில் தெரிந்துவிடும். அதற்காக அரியாங்குப்பத்திலிருந்து ஒரு மூட்டையே தூக்கி வந்துவிட்டார். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற துளைக்கருவியால் துளி சுரண்டிக்கொண்டு, "போதும் பாய், மீதிய எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"மதாம், இந்தத் துளிக்கா என் இடுப்பு ஒடிஞ்சுது? மூட்டை இங்கியே கெடக்கட்டும், நான் தூக்க மாட்டேன்."

நல்ல நாள்

ஆயுத பூஜை. பாயின் பொடியையும், விடை முன்பே தெரிந்த ஸ்டாண்டர்ட் பொடியையும் குப்பிகளில் நிறுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மூடி போடவில்லை. திரும்பி வந்தால், மிஷின் பார்க்கும் குமரவேல் தராசு அறையைக் கழுவி, கதவுக்கு உள்ளே பெரிய கோலமாகப் போட்டிருக்கிறான். காற்றே ஆகாத அறைக்குள் மாவா என்று கத்தினேன்.

"நல்ல நாளும் அதுவுமா கோலத்தப் பாத்துக் கத்துற ஆளு நீங்க ஒருத்தருதான்க்கா."

அடுப்படிக் கை

மிஷின் ஓடியது. விடை தெரிந்த ஸ்டாண்டர்டே தப்பாக வந்தது. பாயின் சிப்பி ஆற்றுச் சிப்பி என்றது. ஆய்வகத் தலைவரான சார் நேராக என்னிடம் வந்து, சமைத்த கையைக் கழுவினீர்களா என்று கேட்டார். குமரவேல் கூரையைப் பார்த்தான். ஸ்டாண்டர்ட் விலகிய அளவை எல்லாவற்றிலும் கழித்துவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பலாம் என்றார் சார். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் பிரம்பால் தட்டிச் சொன்னது ஒன்றுதான்: தப்பான கணக்கை ரப்பரால் தேய்க்காதே, அடித்துவிட்டுப் புதிதாகப் போடு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"அடுப்படிலேர்ந்து வந்த கை இதுக்கு சரிப்படாதும்மா, இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்."

ஒரு சொட்டு

பூஜையில் மிச்சமான கோலமாவுப் பாக்கெட்டைத் தேடி எடுத்து, சார் கண்ணெதிரிலேயே ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது. கல் மாவு! சிப்பியைப் போலவே சுண்ணாம்பு வம்சம்; ஆசிட் பட்டால் அதே வாயுவைத்தான் கக்கும். அப்போதுதான் குமரவேல் வாயைத் திறந்தான்: ஈரம் காய ஃபேன் போட்டானாம்.

குப்பியை மூடாதவள் நான் என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபேன் போட்டவனை அவன் கையாலேயே எழுதச் சொன்னேன். கோலமாவையே மிஷினில் ஓட்டினோம். ஸ்டாண்டர்ட் விலகியிருந்தது கோலமாவின் எண் இருந்த பக்கமாகத்தான்.

மூலையில் பாயின் மூட்டை அப்படியே இருந்தது. புதிதாகச் சுரண்டி, மூடி போட்டு ஓட்டினேன். ஸ்டாண்டர்ட் தன் விடையைச் சரியாகச் சொன்னது. பாயின் சிப்பி, கடல் சிப்பி. சார் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கோலத்த நீங்களே போட்டுடுங்கம்மா."

போட்டால் போச்சு, வாசலுக்கு வெளியே, அரிசி மாவில்: அது எறும்புக்குத் தீனி, எங்கள் மிஷினுக்கு இல்லை.