பெட்டியில் போட்ட பெயர்

கல்லறைத் திருநாளன்று மாலை நாலே முக்காலுக்குச் சாமியார் என் பெரியப்பாவின் பெயரை வாசித்தார். இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டால் அன்று கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பார்கள். அந்தச் சீட்டைப் போட்டது நான். எனக்குப் பத்து வயது.

பெரியப்பா விமானப்படையில் விமானி. போருக்குப் போனவர் திரும்பவில்லை. காணவில்லை என்று ஒரு தந்தி மட்டும் வந்தது. நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். தாத்தா தினமும் ஏழு மணி ரயிலுக்குத் திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போய், கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டு வருவார். பெரியம்மா தினமும் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். இங்கிலீஷ் டீச்சர்.

அந்த வருடம் எங்கள் வகுப்பில், குடும்பத்தில் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் பெரியப்பாவை எடுத்துக்கொண்டு துப்பறிய ஆரம்பித்தேன். அப்பா, “போய் வேலையப் பாரு கழுத” என்றார். தாத்தாவோ, “அவனே வருவான்ல தாயி, அவன்கிட்டயே கேட்டுக்க” என்றார்.

கடைசியில் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பெரியப்பாவுடன் பறந்த நண்பர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய கடிதம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். விமானம் தீப்பிடித்து மலையில் மோதியது, பாராசூட் எதுவும் விரியவில்லை, கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். கடிதத்தில் தந்தி வந்த அதே மாதத்துத் தேதி.

பெரியம்மா இதைப் படித்திருந்தால் பூ வைப்பாரா? ஆகவே படிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்பது என் துப்பறிதலில் எப்படியோ விடுபட்டுப்போயிற்று. எல்லோருக்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு செபம்கூட இல்லையே என்றுதான் என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துச் சீட்டை எழுதினேன்.

பெயர் காதில் விழுந்ததும் தாத்தாவின் கையிலிருந்த மெழுகுவத்தி சாய்ந்து காலில் சொட்டியது. “யாரு பேரச் சொன்னாரு?” என்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள் பெரியம்மாவின் தலைப் பூவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க வீட்டுக்குப் போங்க மாமா, செத்த நேரத்துல வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வீட்டில் தாத்தா செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். காப்பியைத் தொடவில்லை. “எவன் செஞ்ச வேலைன்னு தெரியட்டும், கைய முறிக்கிறேன்” என்று அப்பா உறுமிக்கொண்டிருந்தார். ஆறரை ஆயிற்று.

“ரயிலுக்குப் போகலையா தாத்தா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் பயம் வந்தது. அப்பாவின் அடி எனக்குப் பழக்கம். தாத்தாவின் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

இப்போது என் மகன் விமானப்படைத் தேர்வு எழுதிவிட்டு, பெரியப்பா எங்கே எப்படி இறந்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் அதே டிரங்குப் பெட்டியைக் குடைந்து அந்தக் கடிதத்தை எடுத்தான். “அம்மா, பின்னாடி பென்சில்ல என்னமோ எழுதியிருக்கு, பாரு” என்றான். பெரியம்மாவின் கையெழுத்து, அந்த நண்பருக்கு எழுதிப் பார்த்த பதில். ‘என் மாமனாருக்கு மட்டும் இதை எழுதிவிடாதீர்கள்.’ நான் அன்று கடிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. மகனுக்கு வந்திருக்கும் நேர்முகத் தேர்வு அழைப்பு மேசைமேல் கிடக்கிறது. பெரியம்மாவும் தாத்தாவும் இன்று இல்லை.

அன்று ஏழு மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது வாசலில் குதிரை வண்டி நின்றது. பெரியம்மா இறங்கினார். தலையில் புதுப் பூ. மூடிய கைக்குள்ளிருந்து என் கோடுபோட்ட நோட்டுத்தாளின் ஓரம் தெரிந்தது. என்னை அவர் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. பாவம், பெரியப்பா இறந்தது பெரியம்மாவுக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை இழுத்துத் தாத்தாவின் காலடியில் வைத்தார்.

“சாமியார்கிட்டயே கேட்டுட்டு வாரேன் மாமா. அது நாகல் நகர்க்காரராம், வேற ஆளு. நம்ம ஊர்ல அந்தப் பேரு தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு. செருப்பப் போடுங்க, ரயில் வர்ற நேரமாச்சு.”