பூஜை நாளில் விட்ட வண்டி

இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். பெங்களூர் அல்சூரில் நான் வேலை பார்த்த மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு விறகு மண்டி சாவுகார், உலகச் சண்டைக்கு முந்தின காலத்துச் சின்னக் கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார். இன்ஜின் செத்திருந்தது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பெரிய இன்ஜினை அதில் வைக்க வேண்டுமாம். அந்த வண்டி தாங்காது என்று பார்த்தவன் எவனும் சொல்வான். எங்கள் மேஸ்திரி சொல்லவில்லை.

சட்டத்தை அறுத்து, பட்டை வைத்து வெல்டிங் அடித்து உள்ளே இறக்கினோம். அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் பிரேக்குக்கு எண்ணெய் கிடையாது, கம்பிதான். புது இன்ஜினின் அடிப்பாகம் இடித்ததால் முன்சக்கரக் கம்பியைக் கழற்றி வைத்தோம். வளைத்து மாட்ட அரை நாள் போதும். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் கிரசினில் கழுவிப் பலகையில் அடுக்கிப் பொட்டு வைத்தாயிற்று. மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அப்போது பார்த்து சாவுகார் வந்து, வீட்டுப் பூஜைக்கு வண்டி வேண்டும் என்று நின்றார்.

"மேஸ்திரி, முன் பிரேக் மாட்டல. ஒரு ஸ்பேனர் குடுங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன்" என்றேன்.

"பொட்டு வச்ச சாமான்ல கை வப்பியா? அறிவிருக்காடா?"

"அப்ப நாளைக்கு அனுப்பலாம்."

"நல்ல நாளும் அதுவுமா சாவுகார வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா? பின் பிரேக் இருக்கில்ல. நான் சொல்லிக்கறேன். நீ போய் அக்கம்பக்கம் பொரி குடுத்துட்டு வா."

சாவுகாரின் டிரைவர் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர். வெளியே பம்பரில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்.

"டேய் மச்சான், எலிக்கு யானை நெஞ்சு வச்சிருக்கீங்களாமே. இன்னிக்கு பஸ்ஸயே முந்தறேன் பாரு."

"முந்துங்க மாமா" என்று சிரித்துவிட்டுப் போனேன். நானே சொல்லியிருக்கலாம். மேஸ்திரி சொல்வார் என்று நம்பினேன். அந்தச் சிரிப்புக்காக என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

காலித் தட்டோடு திரும்பியபோது வாசலில் நசுங்கின எலுமிச்சம்பழம்தான் கிடந்தது. ஏரிக்கரை இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய்க் கல்சுவரில் மோதியது. மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சாவுகார் அந்த வண்டியில் ஏறவே இல்லை. ஜட்கா குதிரைவண்டி பிடித்துப் போயிருந்தார்.

அப்புறம் சாவுகார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், டிரைவர் திமிரில் ஓட்டினான் என்று. அக்கா போய் மண்டியில் மாமாவுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டாள். அந்தத் திமிரையே காரணம் சொல்லி விரட்டிவிட்டார். நான் நேரே மண்டிக்குப் போனேன்.

"சாவுகார், முன் பிரேக்கே மாட்டல. மாமா மேல தப்பில்ல."

"கொத்து, கொத்து. மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரே."

கொத்து என்றால் கன்னடத்தில் தெரியும். தெரியுமாம்.

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பயந்துக்கினு வண்டிய எடுத்திருப்பானா? பூஜைக்கு வாசல்ல வண்டி நிக்க வேணாமா?"

அடுக்கிலிருந்து ஒரு விறகுக்கட்டையை உருவினேன். மண்டி ஆட்கள் நாலு பேர் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்திருக்க வேண்டாம்.