நான்காம் சுருளின் தட்டு

ஹுல்டா லிண்ட்க்விஸ்ட்டின் மூக்கு எவருக்கும் வராது. டப்பாவைத் திறந்ததும் மோந்து பார்த்தே, படச்சுருள் கெடத் தொடங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். ஹாலிவுட்டில் எங்கள் ஸ்டூடியோவின் படக் கிடங்கில் ஆறு வருடம் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் கிடையாது. அந்தச் சுருள்களில் ஒரு தீப்பொறி விழுந்தால் எல்லோரும் சாம்பல்தான்.

அவளுடைய தங்கை சிக்னே நடிகை. படங்கள் பேச ஆரம்பித்த வருடம் அவளுக்கு ஒரே ஒரு பேசும் காட்சி கிடைத்தது. நான்காம் சுருளில் மழையில் நனைந்தபடி ஓடிவந்து, "கதவத் திறக்காதீங்க, வெளியே யாரோ நிக்கிறாங்க" என்பாள். அப்படி நனைந்ததில் பிடித்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. பாவி மகள், படம் வெளிவந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் படத்தில் முகம் சுருளில் இருந்தது, குரல் தனியாக, சுருளுக்கு ஒன்றாக, கிராமபோன் தட்டுகளில் இருந்தது. ஒன்றில்லாமல் மற்றது உதவாது. தெரிந்தும் ஹுல்டா ஒருநாள் நான்காம் தட்டைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இங்கேயே இருந்தால் ஓட்டி ஓட்டியே ஊசி தேய்த்து சிக்னேயின் குரலைத் தின்றுவிடும் என்றாள். நான் அவளை மேலாளரிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மேலாளரிடமிருந்து உத்தரவு வந்தது. தட்டு குறைகிற படங்களையெல்லாம் எரித்து, சுருளில் பூசியிருக்கும் வெள்ளியை எடுக்க அனுப்ப வேண்டுமாம். சிக்னேயின் படத்துக்கு மிச்சமிருந்த ஒரே பிரதி எங்களிடம்தான் இருந்தது. பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"எடித், நாலாவது இருக்குன்னு எழுதிடு. நாளைக்குக் காலைல கொண்டாந்து வெச்சிடறேன்" என்றாள் ஹுல்டா.

"மேலாளர் இன்னைக்கே வந்து எண்ணிப் பாத்தாருன்னா? என் வேலை போயிடும்டி."

ஊரெல்லாம் வேலையின்றிக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம். 'இல்லை' என்று எழுதி, சாயங்காலமே பட்டியலைக் கொடுத்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் நாங்கள் வந்துவிட்டோம். போர்வையில் சுற்றிய தட்டை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

"திறக்காதே எடித்" என்றாள். "வெளியே யாரோ நிக்கிறாங்க."

நான் திறந்தேன். லாரிக்காரர்கள், கையில் என் பட்டியலோடு. ஹுல்டா தட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். வேலை போனால் போகட்டும், திருடியது நான்தான் என்றுகூடக் கத்தினாள்.

"பட்டியல்ல இல்லைன்னு போட்டிருக்கேம்மா" என்றான் ஒருவன், தன்மையாகத்தான். பத்து நிமிடத்தில் டப்பாக்கள் போய்விட்டன.

அவள் வேலையும் அன்றே போயிற்று. அந்தப் பெரிய தட்டு அவள் வீட்டு கிராமபோனில் அடங்காது. ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். ஜன்னல் வழியே தெரிகிறது, சுவரில் சாய்த்து வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் தட்டினால் அவள் கதவைத் திறப்பதில்லை.